சீனி போட்ட ட்றை வைன்

என் தம்பி கிளெமென்றின் மனைவி பிறிஜெற்றைப் பற்றிச் சொல்வதென்றால் வைனில்தான் தொடங்க வேண்டும். வேறு எங்கே தொடங்கினாலும் நான் வைனுக்குத்தான் வந்து சேருவேன்.

கொட்டாஞ்சேனையில் வைன் போடாத கத்தோலிக்க வீடு கிடையாது. ஒக்டோபரில் செபமாலை மாதம் பிறந்தால் எங்கள் ஒழுங்கையில் எல்லாக் குசினியிலும் ஒரு ஜாடி வாயில் துணி கட்டிக்கொண்டு நிற்கும். நத்தாருக்கு வருகிறவர்களுக்கு ஒரு துண்டுக் கேக்கும் ஒரு சின்னக் கிளாஸ் வைனும் வைக்காவிட்டால் அது என்ன வீடு? அது குடிவகை என்று எங்களில் ஒருவரும் நினைப்பதில்லை. முதல் நன்மை எடுத்த பிள்ளைக்கும் ஒரு மிடறு கொடுப்போம். ஆனால் இரண்டு ஜாடி போடுகிற வீடு எங்களுடையது மட்டும்தான். பெரிய ஜாடி இனிப்பு வைன், அது பிறிஜெற்றுடையது. சின்ன ஜாடி ட்றை வைன்; அது கிளெமென்றுக்கு.

ட்றை என்பது அவன் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த சொல். போட்ட சீனியை எல்லாம் ஈஸ்ற் தின்று முடித்து, நுரை அடங்கின பிறகு மிஞ்சுகிறது அது. வாயில் வைத்தால் இனிப்பு மருந்துக்கும் இருக்காது. சாயம் கூடின வெறும் தேத்தண்ணீர் மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும். என்னைக் கேட்டால் இனிப்புத்தான் வைன். இந்த வயதில் அதை நான் மாற்றப்போவதில்லை.

பிறிஜெற் மட்டக்குளியில் மீன்பிடிக்காரர் வீட்டில் பிறந்தவள். ஏழு பிள்ளைகளில் மூத்தவள் என்பதால் தாய் வைன் போடும்போது கிண்டுகிற அகப்பை அவள் கையில்தான் இருந்தது. பிளம்ஸைக் கழுவி, வெட்டி, கறுவாவும் கராம்பும் போட்டு, சீனியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டுவாள். "இனி என்னால ஏலாது எண்டு ஈஸ்ற்றே கும்பிட வேணும் மச்சாள், அப்பதான் இனிப்பு மிஞ்சும்" என்பாள். கலியாணம் கட்டி வந்த முதல் நத்தாரிலேயே எங்கள் ஒழுங்கை அவள் வைனுக்கு அடங்கிப்போனது. பிள்ளைகள் இல்லை. தையல் மெசினும் வைன் ஜாடியும் கிளெமென்றும்தான் அவளுக்கு. என் கணவர் போன பிறகு முன் அறையில் நானும்.

கிளெமென்ற் கப்பல்களில் ஏறி மூட்டை எண்ணுகிற வேலை செய்தான். ஒருநாள் இத்தாலிக் கப்பலில் ஒரு சமையற்காரன் அவனுக்குப் பொரித்த மீனும் ஒரு கிளாஸ் வைனும் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்த மடையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா?

"அக்கா, இண்டைக்குத்தான் நான் வைன் குடிச்சனான். இவ்வளவு காலமும் குடிச்சது சீனிப் பாணி."

பிறிஜெற் குசினியில் நின்றாள். அவளுக்குக் கேட்டது. அந்தக் கிழமை முழுவதும் அவனுக்குச் சோறு மேசையில் இருந்தது, பேச்சு இருக்கவில்லை. ஆனாலும் அடுத்த செபமாலை மாதத்தில் அவள்தான் சின்ன ஜாடி ஒன்றை வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்கோ, உங்கட புளிச்சல். உங்களுக்கு மட்டும். வாற ஆக்களுக்கு இதை ஊத்தி என்ர பேரைக் கெடுக்காதையுங்கோ."

அப்படித்தான் அந்த வீட்டில் இரண்டு ஜாடி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பொரித்த மீனோடு ஒரு கிளாஸ் குடிப்பான். அவன் குடிக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் நத்தாருக்கு அரைக் கிளாஸ் இனிப்பு குடிக்கும்போது அவன், "மெதுவாக் குடியும், பல்லு ஒட்டிப்போம்" என்பான். சண்டைக்கு இவ்வளவுதான் இருந்தது அவர்களிடம்.

கொழும்புக் கோட்டையில் பெரிய குண்டு வெடித்த வருஷம் அது. அந்த வருஷம் முழுக்க எங்களுக்குக் களைப்புத்தான். கடைக்குப் போனால் அடையாள அட்டை, கோயிலுக்குப் போனால் அடையாள அட்டை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, பதிந்ததைத் திரும்பப் பதிந்து. கிளெமென்ற் வேலையிலிருந்து ஓய்வெடுத்திருந்தான். பிறஷர் இருந்தது. வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் எங்கள் மூன்று பேரின் கையும் தானாக அட்டையைத் தேடும்.

நத்தாருக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், விடிகிற நேரம் ஆமிக்காரர் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை வெளியே வரச் சொல்லி வரிசையில் விட்டார்கள். குசினிக்குள் வந்த ஆமிப் பெடியனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. கோபக்காரன் இல்லை, எங்களைப் போலவே நித்திரை இல்லாத முகம். பெரிய ஜாடிக்குள் என்ன ஒளித்திருக்கிறது என்று இரும்புக் கம்பியை விட்டுக் குத்தினான்.

"மஹத்தயா, வைன். நத்தாருக்கு," என்று பிறிஜெற் சிங்களத்தில் சொன்னாள்.

இரண்டாம் குத்தில் ஜாடியின் அடி பிளந்தது. அவ்வளவு இனிப்பும் குசினியிலிருந்து வாசலுக்கு ஓடி, வாசலிலிருந்து தெருவோரக் காணுக்குள் ஓடியது. பெடியன் தன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு சின்ன ஜாடியின் துணியைத் தூக்கி மணந்து, முகத்தைச் சுளித்து, அப்படியே மூடிவிட்டான்.

கொழும்பில் பிறந்த ஆண்கள் மத்தியானத்துக்குள் வீடு வந்துவிட்டார்கள். கிளெமென்றின் அட்டையில் பிறந்த இடம் மன்னார் என்று இருந்தது. வடக்கில் பிறந்தவன் என்று அவனை ட்றக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் அங்கேதான் பிறந்தேன். ஆனால் கிழவிகளை ஒருவரும் ஏற்றுவதில்லை.

சாப்பாட்டுப் பார்சலோடு நானும் பிறிஜெற்றும் பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போனோம். அங்கே சுவரோரம் நீள வாங்கு நிறைய எங்களைப் போலப் பெண்கள் குந்தியிருந்தார்கள், எல்லோர் மடியிலும் பார்சல். சார்ஜன்ற் திசேரா என்பவர் தலை தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். வென்னப்புவைப் பக்கத்துச் சிங்களவர், எங்கள் வேதம்தான். விசாரணை முடியாத ஆட்களைச் சனிக்கிழமை தெற்கே ஒரு சிறைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று அவருக்கும் தெரியாது.

"அவருக்குப் பிறஷர் இருக்கு சார்," என்று பிறிஜெற் சிங்களத்தில் சொன்னாள்.

"எல்லாருக்கும் பிறஷர்தான் நோனா. எனக்கும் இருக்கு. பெரியவர் கையெழுத்து வைக்க வேணும். சொல்லிப் பாக்கிறன்."

சொல்லிப் பார்ப்பாரா மாட்டாரா என்பது அந்தக் குரலில் தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் பிறிஜெற் ஒரு கடை வாசலில் நின்றாள்.

"மச்சாள், போன நத்தாருக்குப் பதிவு பாக்க வந்த சார்ஜன்ற் இவர்தானே? எங்கட வீட்டில மூண்டு கிளாஸ் குடிச்சவர்."

"ஓம். தாயின்ர வைன் மாதிரி இருக்கெண்டு சொன்னவர்."

"ரெண்டு போத்தல் கொண்டுபோய்க் குடுத்தா, நாங்கள் ஆர் எண்டு ஞாபகம் வரும். வந்தாப் பெரியவரிட்டச் சொல்லுவார்."

"எதைக் குடுப்பாய்? காணுக்குள்ள ஓடினதையோ?"

"இவற்ற ஜாடி இருக்கு."

"அதை மனுசர் குடிப்பினமோ?"

"சீனி போட்டாக் குடிப்பினம்."

அடுத்த நாள் பார்சல் கொடுக்கையில் கம்பிக்கு அப்பால் கிளெமென்ற் நின்றான். தாடி வளர்ந்து, சாரம் கசங்கி, ஒரே இரவில் எங்கள் அப்பாவைப் போல ஆகியிருந்தான். பிறிஜெற் அவனிடம் கேளாமல் ஜாடியில் கை வைக்கமாட்டாள். அது அவள் குணம்.

"இஞ்சேருங்கோ, உங்கட வைனை எடுக்கப்போறன். சார்ஜன்றுக்கு."

"எடும். பொரிச்ச மீனும் குடும்."

"சீனி போட்டுத்தான் குடுக்கப்போறன்."

அவ்வளவு நேரமும் குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். "சீனி போடாதையும்."

"அவர் இனிப்புக்காரன்."

"ஆராயும் இருக்கட்டும். அடங்கின வைனுக்குச் சீனி போடக்கூடாது."

"உங்களுக்கு வெளியில வாற எண்ணம் இருக்கோ, இல்லையோ? வைன் பெரிசோ, வீடு பெரிசோ?"

"விசரி, நான் சொல்லுறதைக் கேளும். சீனி போட்டா அது திரும்ப—"

"ஹரி, எத்தி," போதும் என்று கொன்ஸ்ரபிள் எங்களைத் தள்ளிவிட்டான். எங்களுக்குப் பின்னால் வரிசை நீளம்.

"பாத்தீங்களோ மச்சாள், உள்ள இருந்துகொண்டும் ட்றைக்கு வக்காலத்து," என்றாள் பிறிஜெற். கோபத்தில் சொல்லத் தொடங்கினாள், முடிக்கும்போது அழுதாள்.

வீட்டில் இருந்த சீனி முழுவதையும் பாணி காய்ச்சி, ஆறவைத்து, அவன் வைனில் கலந்தாள். நான் நக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான்கு போத்தலில் ஊற்றினாள். சீனி கலந்தால் கொஞ்ச நாள் அடைப்பானை இளக்கி வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் வைப்பாள். ஆனால் ஸ்ரேசனுக்கு ஒரு தமிழ்ப் பெண் கொண்டுபோகிற போத்தலின் அடைப்பான் இளகி இருந்தால் என்ன நினைப்பார்கள்? எதையோ கலந்துகொண்டு வருகிறாள் என்றுதானே? அதனால் அடைப்பானை அம்மிக் குழவியால் இறுக்கி அடித்தாள். மாதாவுக்கு ஏற்றின மெழுகுதிரியை உருக்கி வாயில் ஊற்றி மூடினாள். கடையில் வாங்கினதைப் போல இருந்தது. மிஞ்சின கொஞ்சத்தை இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் ஊற்றி, அதையும் இறுக்கி, குசினிச் சுவர்த் தட்டில் வைத்தாள். கிளெமென்ற் வந்ததும் காட்டிச் சண்டை பிடிக்க வேண்டுமாம்.

புதன்கிழமை கொண்டுபோனோம். சார்ஜன்றுக்கு முகம் நினைவு வந்துவிட்டது. "ஆ, வைன் நோனா!" என்று சிரித்தார். ஒரு போத்தலையாவது எங்கள் கண்முன் திறப்பார் என்றுதான் பிறிஜெற் நினைத்திருந்தாள். அவரோ நான்கையும் தன் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நத்தாருக்கு வீட்ட கொண்டுபோறன். அம்மா சந்தோசப்படுவா. உங்கட ஆளைப் பற்றிப் பெரியவரிட்ட கதைச்சிட்டன். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ."

வெளியே வந்ததும் நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். பிறிஜெற் ஸ்ரேசன் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனடி?"

"உடனே குடிப்பார் எண்டு நினைச்சன்."

"வைச்சுக் குடிக்கட்டுமே."

அவள் நடையைத் தளர்த்தி இன்னொரு முறை திரும்பிப் பார்த்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். "டொப்" என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் நிலத்தில் படுத்துவிட்டோம். அந்த வருஷத்தில் யாரும் யோசித்துப் படுப்பதில்லை, உடம்பு தானாகப் படுத்துக்கொள்ளும். தலைக்கு மேல் ஏதோ பட்டு உருண்டு என் கையருகே வந்து நின்றது. இருமல் மருந்துப் போத்தலின் அடைப்பான். தட்டிலிருந்து வைன் நுரைத்து வழிந்தது.

படுத்தபடியே பிறிஜெற் என்னைப் பார்த்தாள்.

"மச்சாள், அலுமாரி."

அப்போதுதான் எனக்குத் தம்பி சொல்ல வந்தது விளங்கியது. அடங்கின ஈஸ்ற்றுக்குச் சீனியைப் போட்டு எழுப்பிவிட்டோம். எழும்பினது மூச்சு விட வழியில்லாமல் பொலிஸ் ஸ்ரேசனில், பூட்டின அலுமாரிக்குள் இருக்கிறது. அது வெடித்தால் யார் கொடுத்த போத்தல் என்று கேட்பார்கள். சுடுவார்களோ, அடிப்பார்களோ, முதலில் கையில் அகப்படுவது உள்ளே இருக்கிற கிளெமென்ற்தான்.

நான் போகவேண்டாம் என்றேன். இன்றைக்கு விடுவதாகச் சொன்ன மனிதரிடம் போய், நான் தந்த போத்தல் வெடிக்கும் என்று எப்படிச் சொல்வது? அந்த வார்த்தையை ஸ்ரேசனுக்குள் எங்கள் வாயால் சொல்லலாமா? அவர் ஏற்கனவே வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். வெடிக்காமலும் இருக்கலாம்.

"இருக்கலாம்," என்றாள். சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். "நீங்கள் வீட்டில இருங்கோ மச்சாள்."

நான் வீட்டில் இருக்கிற ஆளா? கூடப் போனேன். வழியெல்லாம் சிங்களத்தில் ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தாள். வெடிக்கும் என்ற சொல் வராமல், அடைப்பானை இளக்க வேண்டும் என்பது மட்டும் வருகிற மாதிரி.

வாசலில் பையைக் கொட்டிப் பார்த்து உள்ளே விட்டார்கள். வாங்கில் அதே பெண்கள். சார்ஜன்றின் மேசையில் அன்றைக்குக் கடதாசி மலை. சனிக்கிழமை வண்டிக்கு ஆட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த வைன் இன்னும் வேலை செய்யுது. மூடியை இளக்கி விடவேணும்."

"பிறகு, பிறகு."

"சார், இப்பவே."

"நோனா, உங்களுக்கு உங்கட மனுசன் வேணுமோ, வைன் வேணுமோ?" என்று அவர் கத்தினார்.

பிறிஜெற் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அலுமாரி முந்திக்கொண்டது.

இரும்புக்குள் வெடித்த சத்தம் எங்கள் குசினிச் சத்தம் மாதிரி இல்லை. வாங்கில் இருந்த பெண்கள், கொன்ஸ்ரபிள்மார், சார்ஜன்ற் எல்லோரும் நிலத்தில். கொன்ஸ்ரபிள் ஒருவன் மட்டும் துவக்கை அலுமாரிக்கு நீட்டிக்கொண்டு நின்றான். அலுமாரிக் கதவின் கீழ் சிவப்பாக வழியத் தொடங்கியது. "லே!" என்று யாரோ அலறினான். இரத்தம் என்று.

நின்றுகொண்டிருந்த பெண் பிறிஜெற் மட்டும்தான். படுக்கவும் அவளுக்குத் தெம்பில்லை என்று பிறகு சொன்னாள்.

"வைன் சார்," என்றாள். "சீனி போட்டது என்ர பிழை. உள்ளுக்கு இன்னும் மூண்டு இருக்கு."

சார்ஜன்ற் முழங்காலில் நின்று மூக்கால் இழுத்தார். கறுவாவும் கராம்பும் மணத்தன. அவர் முகத்தில் இரத்தம் திரும்ப வருவதை நான் பார்த்தேன். "அனே அம்மே," என்றார். "அம்மாவும் ஒருக்கா இப்பிடித்தான்... குசினிக் கூரையில ரெண்டு ஓடு போச்சு." பிறகு அலுமாரியைப் பார்த்தார். அவரும் திறக்கவில்லை, மற்றவர்களும் திறக்கவில்லை.

"இதைப் போட்டது ஆர்?"

"என்ர மனுசனுக்குப் போட்டது."

"அப்ப அவனே வந்து திறக்கட்டும்."

கிளெமென்றைக் கொண்டுவந்தார்கள். அவன் நிலத்தைப் பார்த்தான், அலுமாரியைப் பார்த்தான், பிறிஜெற்றைப் பார்த்தான்.

"போட்டீரோ?"

"போட்டன்."

"எவ்வளவு?"

"இருந்த முழுக்க."

ஈரச்சாக்கு ஒன்று வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டான். துவக்கு அவன் முதுகைப் பார்த்தபடி இருந்தது. கதவைத் திறந்து, ஒவ்வொரு போத்தலாகச் சாக்குக்குள் பொத்தி எடுத்து, மெழுகை நகத்தால் உரித்து, அடைப்பானை மெல்ல மெல்லத் திருகினான். அது பாம்பு மாதிரிச் சீறியது. கடைசிப் போத்தல் நுரைத்து அவன் தோள்வரை நனைத்தது. திறந்த மூன்றையும் வரிசையாக மேசையில் வைத்துவிட்டு நின்றான்.

சார்ஜன்ற் தேத்தண்ணீர்க் கோப்பை ஒன்றை நீட்டினார். "முதல்ல நீ குடி."

கிளெமென்ற் ஒரு மிடறு குடித்தான். முகம் கோணியது. "சரியான இனிப்பு," என்றான்.

சார்ஜன்ற் வாங்கிக் குடித்தார். அவர் முகமும் கோணியது. "சரியான புளி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாங்கில் இருந்த ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவளுக்கு உள்ளே யார் இருந்தார்களோ, பாவம், அடக்க முடியாமல் சிரித்தாள்.

சார்ஜன்ற் பெரியவரின் அறைக்குள் போனார். உள்ளே சத்தம் கேட்டது. ஏச்சா சிரிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. பிறிஜெற் சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. கையில் மாலை இல்லை. வெளியே வந்தவர் கிளெமென்றின் அட்டையை மேசையில் போட்டார்.

"கூட்டிக்கொண்டு போ. போத்தலையும் கொண்டுபோ. இந்த நாத்தத்தையும் கொண்டுபோ."

விட்டது வைனுக்காகவா, பயத்துக்காகவா, அல்லது அவர் ஏற்கனவே பேசி வைத்திருந்தாரா என்று நான் இன்றுவரை அறியேன். பிறிஜெற்றும் கேட்டுப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் அந்த வாங்கு அப்படியே நிறைந்திருந்தது.

வீட்டுக்கு நடக்கையில் சந்தியில் ஆமிக்காரர் மறித்தார்கள். பையில் என்ன என்று ஒருவன் கேட்டான். கிளெமென்ற் வாயைத் திறக்குமுன் பிறிஜெற், "வைன். மூடி திறந்திருக்கு," என்றாள். பார்த்துவிட்டு விட்டான்.

கொஞ்ச தூரம் போய்க் கிளெமென்ற் சொன்னான்: "நான் அண்டைக்கே சொன்னனான்."

"அடுத்த முறை உங்களை விட்டிட்டு வைனை மட்டும் கூட்டிவாறன்."

"இந்த வைனையோ? இதைக் குடிக்கிறதிலும் நான் உள்ளயே இருக்கிறன்."

அந்த நத்தாருக்கு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டில் சோடா கொடுத்தோம். மூன்று போத்தலும் அடைப்பான் இல்லாமல் நின்று புளித்து வினாகிரியானது. பிறிஜெற் அதில் அச்சாறு போட்டாள்.

கிளெமென்றை அதற்குப் பிறகும் இரண்டு தரம் கொண்டுபோனார்கள். சார்ஜன்ற் திசேரா வேறு ஸ்ரேசனுக்கு மாறிப் போயிருந்தார். பிறிஜெற் போத்தல் ஒன்றும் கொண்டுபோகவில்லை. சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு வாங்கில் போய் இருப்பாள். பொழுது பட்டு எழுந்துபோகச் சொன்னால் போவாள், விடிந்ததும் வந்து அதே இடத்தில் இருப்பாள். அவனை விடும்வரைக்கும் இருந்தாள்.